ஆயிரம் நாள் சாப்பாடு: பூமியும் பிள்ளையும் ஒத்துப்போகும் இடங்கள், ஒத்துப்போகாத இடங்கள்

கரு உருவான நாளிலிருந்து பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாள் வரை கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1000 நாள். வயிற்றுக்குள் 270, வெளியே 730. மூளை மிக வேகமாக வளர்வதும், நாக்கு ருசி பழகுவதும், பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து கரைந்து மறுபடி நிரம்ப வேண்டியதும் இந்த நாட்களில்தான்.

பலருக்குப் பூமியைப் பற்றிய அக்கறையும் இதே சமயத்தில்தான் கூடுகிறது. இறைச்சியைக் குறைக்கலாம், பருப்பைக் கூட்டலாம், பிளாஸ்டிக்கைத் தள்ளி வைக்கலாம் என்று தோன்றுகிறது. மிக நல்ல எண்ணம். ஆனால் பெரியவர்களுக்காகச் சொன்னதை அப்படியே கர்ப்பிணியின் தட்டிலும் கைக்குழந்தையின் கிண்ணத்திலும் வைக்க முடியாது. பூமிக்கேற்ற உணவு என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும், பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்த ஈட்-லான்செட் ஆணையத்தின் 2019 அறிக்கையே, அதன் உணவு அளவுகள் 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் என்று சொல்கிறது. இரண்டு வயது வரை எது ஒத்துப்போகும், எது போகாது என்பதை நாமே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒத்துப்போகும் பக்கம்தான் பெரியது. பூர், நெமெசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், 100 கிராம் புரதத்துக்கு மாட்டிறைச்சி சராசரியாக 50 கிலோ பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. கோழிக்கு 6 கிலோவுக்குள், முட்டைக்கு 4 சொச்சம், பருப்பு வகைகளுக்கு 1 கிலோவுக்கும் கீழே. விமானத்தில் வருவதை விட்டுவிட்டால், உணவு எவ்வளவு தூரம் பயணப்பட்டது என்பது மொத்தக் கணக்கில் சிறிய பங்குதான். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு குப்பையில் கொட்டுகிறோம் என்பதே பெரியது. கர்ப்பிணிக்குத் தேவையான புரதம், ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்), நார்ச்சத்து மூன்றும் பருப்பிலும் பயறிலும் இருக்கின்றன. பூமிக்கும் அதுதான் நல்லது.

ஒத்துப்போகாத இடங்கள் நான்கு: இரும்பு, வைட்டமின் பி12, அயோடின், பிறகு குழந்தையின் சின்ன இரைப்பை.

வயிற்றில் இருக்கும்போது

முதலில் ஃபோலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. தான் கர்ப்பம் என்றே பலருக்கு அதற்குள் தெரிந்திருக்காது. அதனால் தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாக ஆரம்பித்து 12 வாரம் வரை தொடர வேண்டும். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டுதான். ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் நல்ல பங்கு அதோடு போய்விடும். உணவையே நம்பி மாத்திரையை விடக்கூடாத இடம் இது.

"இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பது கணக்குக்கு ஒத்துவராத பேச்சு. முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி தேவையே இல்லை. அடுத்த மூன்று மாதத்தில் தினம் சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் 450. 340 என்பது ஒரு கப் வெந்த பருப்பும் ஒரு வாழைப்பழமும்தான். அளவு கொஞ்சமே கூடுகிறது, சத்தின் தேவையோ அதைவிட அதிகமாகக் கூடுகிறது. அந்தக் கூடுதல் இடத்தை இனிப்பால் நிரப்புவது பெரிய இழப்பு.

இரும்பு தினம் 27 மி.கி. வேண்டும். வெந்த பருப்பு 200 கிராமில் 6 மி.கி.க்கு மேல் இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கைக் கூட்ட வழி உண்டு. பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம், முளைகட்டலாம், புளிக்கவைக்கலாம். மூன்றுமே இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. அதே வேளை உணவில் எலுமிச்சை, கொய்யா, தக்காளி என வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருக்கட்டும். தேநீரும் காபியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே. இவ்வளவு செய்தாலும் பெரும்பாலோருக்கு மாத்திரை தேவைப்படும். உலக சுகாதார நிறுவனம் தினம் 30 முதல் 60 மி.கி. இரும்பு என்கிறது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது. கால்சியம் இரும்பை உள்ளே விடாது. ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை குமட்டினால் படுக்கப்போகும் முன் போடலாம். மலம் கறுப்பாவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம், அது இயல்பு. மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றினால் அதை மசக்கை ஆசை என்று விட்டுவிடாதீர்கள். இரும்புக் குறையின் அடையாளமாக இருக்கலாம், மண்ணில் ஈயமும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பி12 விஷயத்தில் சமரசமே இல்லை. தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கர்ப்ப காலத்தில் தினம் 2.6 மைக்ரோகிராம், பாலூட்டும்போது 2.8 வேண்டும். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம், 250 மி.லி. பாலில் 1 சொச்சம் இருக்கும். பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாதவர் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இதில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஃபோலிக் அமிலம் சாப்பிடுபவரின் ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவின் ரத்தசோகை அடையாளம் தெரியாமல் போகலாம். குறை தாயிடம் இருந்தால் தாய்ப்பாலிலும் இருக்கும். சில மாதம் நன்றாக வளர்ந்த குழந்தை பிறகு சோர்ந்து, சிரிப்பதையும் உட்காரப் பழகியதையும் மறந்து போகும். சிகிச்சை தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம். தாவர உணவை நான் மனதார ஆதரிக்கிறேன். அதனாலேயே இந்த ஒரு மாத்திரையை வற்புறுத்துகிறேன்.

அயோடின் 250 மைக்ரோகிராம். "இயற்கை" என்று தேடிப்போய்ப் பாறை உப்புக்கோ கடல் உப்புக்கோ மாறும் வீடுகளில் முதலில் காணாமல் போவது இதுதான். அயோடின் சேர்த்த உப்பையே அளவாகப் பயன்படுத்துங்கள். மறுபக்கம், கெல்ப் போன்ற சில கடற்பாசிகளில் அளவுக்கு மீறி அயோடின் இருக்கும். அதுவும் தைராய்டைக் கெடுக்கும்.

மீனில் பூமியும் பிள்ளையும் கைகோத்துக்கொள்கின்றன. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்னப் பாதரசம் மேலே மேலே சேருகிறது. சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்றவற்றை இந்தக் காலத்தில் தொட வேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைய, சீக்கிரம் இனம் பெருக்கும். வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் போதும்.

சுற்றுச்சூழல் ஆர்வம் சறுக்கும் இன்னொரு இடம் காய்ச்சாத பால். பண்ணையிலிருந்து நேராக வந்தாலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும், கருவைக் கலைக்கவும் செய்யும். மிச்ச உணவை வீணாக்காமல் சாப்பிடுவது நல்ல பழக்கம். ஆனால் நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்கியே சாப்பிட வேண்டும். கீரையையும் கிழங்கையும் மண் போக ஓடும் நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். கல்லீரலை அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. மது கொஞ்சமும் வேண்டாம். காஃபின் ஒரு நாளைக்கு 200 மி.கி.க்குள்.

பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதம்

தாய்ப்பாலுக்கு டப்பா இல்லை, போக்குவரத்து இல்லை, குப்பை இல்லை. முதல் 6 மாதம் அது மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் குறைவாக இருப்பது வைட்டமின் டி. பிறந்ததிலிருந்து தினம் 400 ஐ.யு. சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர்கள் பரவலாகப் பரிந்துரைக்கிறார்கள்.

எடுத்து வைக்கும் பாலை 60 மி.லி. அளவுகளாகப் பிரித்து வையுங்கள். பெரிய புட்டியாக உறையவைத்தால் ஒவ்வொரு முறையும் பாதி வீணாகும். அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். உறைநிலை விலகிய பாலை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பவுடர் பால் கொடுக்க நேர்ந்தவர்கள் பூமியை நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். அதைச் சரியாகக் கலப்பதில் கவனம் வையுங்கள். பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல. 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 30 நிமிடத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். வரிசை மாறினால் அளவு மாறும். கரண்டியைக் கத்தி முதுகால் வழித்து மட்டமாக எடுங்கள். அமுக்கி நிரப்பினால் உப்பும் புரதமும் கூடிக் குழந்தையின் சிறுநீரகம் திணறும். டப்பா நீடிக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். சுடுநீர் பட்ட பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் புட்டிகள் ஒரு லிட்டருக்குப் பல லட்சக்கணக்கில் நுண்பிளாஸ்டிக் துகள்களை விடுகின்றன என்று டப்ளின் ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து, உடல் சூட்டுக்கு ஆறியதும் புட்டியில் ஊற்றினால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். குழந்தை வாய் வைத்த பவுடர் பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஓட்ஸ், பாதாம், அரிசியில் செய்த "பால்" எதுவும் ஒரு வயதுக்குள் முக்கியப் பானமாகக் கூடாது. புரதமும் கொழுப்பும் குறைவு. அரிசிப் பானத்தை, அதிலுள்ள ஆர்செனிக் காரணமாக, 5 வயது வரை வேண்டாம் என்கிறது பிரிட்டன். மாட்டுப்பாலையும் ஒரு வயதுக்குப் பிறகே முக்கியப் பானமாக்குவது நல்லது. அப்போதும் நாளுக்கு அரை லிட்டருக்குள். அதற்கு மேல் போனால் வயிறு பாலாலேயே நிரம்பி இரும்புக் குறை வரும்.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு. இங்கேதான் நான்காவது சிக்கல். குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம்தான் கொள்ளும். 7 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 கிராம், அதுவும் நிறைய. 6 முதல் 8 மாதம் வரை உணவிலிருந்து தினம் 200 கலோரி வர வேண்டும். அரைக் கப் வீதம் இரண்டு வேளை என்றால் 250 கிராம். நீர்த்த கஞ்சியில் ஒரு கிராமுக்கு 0.35 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். 250 கிராமுக்கு 90 கலோரிகூட வராது. வயிறு முட்டியிருக்கும், பிள்ளை மெலிந்துகொண்டே போகும்.

ஒரு நாள் உணவை எடைபோட்டுப் பார்க்கலாம். தானியம் 30 கிராம், தோல் நீக்கிய பருப்பு 10 கிராம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, தானியத்தோடு சேர்த்து 250 மி.லி. தண்ணீரில் மூடிக் குழைய வேகவிடுங்கள். நன்றாக மசித்தால் 230 கிராம் வரும். இதுவரை 140 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றிக் கலந்தால் 185. ஒரு கிராமுக்கு 0.8 கலோரி, வேண்டிய அளவு இதுதான். கெட்டியாக இருக்கிறதே என்று இன்னும் 100 மி.லி. தண்ணீர் விட்டால் 0.56-க்கு இறங்கிவிடும். கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் நீர்த்துப்போயிருக்கிறது. மெதுவாக நழுவி விழுந்தால் சரி.

விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தண்ணீர் சேர்க்காமலே இளக்க ஒரு வழி இருக்கிறது. முளைகட்டி உலர்த்தி அரைத்த தானிய மாவு அரை டீஸ்பூன் போதும். அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை வெட்டி, கெட்டிக் கூழைச் சில நிமிடத்தில் தளர்த்திவிடும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், கூழ் இளகாது. 60 டிகிரி அளவுக்கு ஆறியதும் கலந்து, 10 நிமிடம் விட்டு, பிறகு மறுபடி ஒரு கொதி விடுங்கள். முளையில் கிருமி இருக்கக்கூடும், அந்த இரண்டாவது கொதியைத் தவிர்க்கவே கூடாது.

கலோரி நிறைந்தாலும் இரும்பு நிறையாது. 7 முதல் 12 மாதக் குழந்தைக்குத் தினம் 11 மி.கி. வேண்டும், தகப்பனுக்கு வேண்டியதைவிட அதிகம். மேலே சொன்ன 10 கிராம் பருப்பில் 1 மி.கி.கூட இல்லை. முழுதும் பருப்பிலிருந்தே எடுக்க நினைத்தால் 300 கிராமுக்கு மேல் வெந்த பருப்பு தின்ன வேண்டும், நடக்கிற காரியமா அது? தினம் ஒரு மேசைக்கரண்டி மசித்த இறைச்சியோ மீனோ சேர்த்தால், அதன் இரும்பு எளிதில் சேர்வதோடு பருப்பின் இரும்பையும் உள்ளே இழுத்துவரும். இவ்வளவு சிறிய அளவால் பூமிக்குப் பெரிய சுமை இல்லை. வீட்டில் பெரியவர்கள் ஒரு வேளை இறைச்சியை விட்டால் பிள்ளையின் ஒரு வாரப் பங்கு ஈடாகிவிடும். அசைவம் வேண்டாம் என்பவர்கள் இரும்பு சேர்த்த தானிய உணவோ, மருத்துவர் அளவு சொல்லித் தரும் சொட்டு மருந்தோ கொடுத்தே ஆக வேண்டும். அந்த மருந்துப் புட்டியையும் அம்மாவின் இரும்பு மாத்திரையையும் பூட்டி வையுங்கள், குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நிலக்கடலையையும் முட்டையையும் தள்ளிப்போட வேண்டாம். கடும் எக்ஸிமாவோ (அரிக்கும் தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளை வைத்து நடந்த, 2015-ல் வெளியான லீப் ஆய்வில், தோலில் செய்த முன்சோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாதவர்களில், கடலையைத் தவிர்த்தவர்களுக்கு 5 வயதில் 13.7 சதவீதம் ஒவ்வாமை, சிறு வயதிலேயே தின்றவர்களுக்கு 1.9. வழவழப்பாக அரைத்த கடலை விழுது 2 டீஸ்பூனை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, கரண்டி நுனியால் ஆரம்பியுங்கள். 10 நிமிடம் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கடும் எக்ஸிமா இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முழுக் கடலை 5 வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு துளியும் வேண்டாம். பொட்டுலிசம் என்னும் கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், வீட்டு அடுப்புச் சூட்டில் அவை சாகாது.

தானியத்தை மாற்றி மாற்றிக் கொடுங்கள். அரிசியையே மூன்று வேளையும் கொடுத்தால் ஆர்செனிக் சேரும். ஒரு பங்கு அரிசியை ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கணிசமாகக் குறையும். நெல் வயல் மீத்தேன் விடும் என்பதால், இடையில் வேறு தானியம் வருவது பூமிக்கும் நல்லதே.

குப்பையைக் குறைக்கும் இடம்

2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் கூடத்தான் செய்யும். மசித்த காயையும் பருப்பையும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி சுமார் 30 கிராம். ஒன்றை மட்டும் சூடாக்கி ஆரம்பியுங்கள், கேட்டால் இன்னொன்று. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு முறை உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். மொத்தக் கிண்ணத்திலிருந்து நேராக ஊட்டினால் எச்சில் பட்டு மீதி முழுவதும் வீணாகும், அதனால் வேறு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கீரை மசியலை மட்டும் சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்குச் செய்யுங்கள், வைக்க வைக்க அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். வெந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள்.

உறிஞ்சிச் சாப்பிடும் பழப் பைகளை எனக்குப் பிடிக்காது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்குப் பெரும்பாலும் ஏற்காது. குழந்தை மெல்லக் கற்க வேண்டிய காலத்தில் உறிஞ்சவே பழக்குகிறது. 9 மாதத்துக்குள் கட்டி கட்டியான உணவு வாய்க்குள் போயாக வேண்டும். தள்ளிப்போனால் பின்னால் சாப்பாட்டில் அடம் கூடுகிறது. லேசாகக் குமட்டி முகம் சிவந்து தானே வெளியே தள்ளினால் அது கற்றல்தான். சத்தமே வராமல் திணறினாலோ நீலம் பூத்தாலோ அது மூச்சடைப்பு. அந்த வேறுபாட்டையும் முதலுதவியையும் திட உணவு ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

8, 9 மாதத்திலிருந்து தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுக் குழம்பிலோ கூட்டிலோ உப்பு, காரம் போடும் முன் பிள்ளையின் பங்கை எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை தனியாக உப்புச் சேர்க்கவே வேண்டாம், 1 முதல் 3 வயதில் எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்கு 2 கிராமுக்குள். சர்க்கரை 2 வயது வரை வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலும் அதுவரை வேண்டாம்.

ஒரு வயதுக்கு மேல் பசி நாளுக்கு நாள் மாறும். வளரும் வேகம் குறைவதால் அது இயல்பு. தட்டில் ஒவ்வொரு பதார்த்தமும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு வயதுக்கு இரண்டு. போதாவிட்டால் அவர்களே கேட்பார்கள். ஒரு காய் பிடிக்க 8 முதல் 10 தடவைகூட ஆகலாம். அந்தப் பத்துத் தடவையும் கால் டீஸ்பூன் மட்டும் வையுங்கள். துப்பினால் துடைத்துவிட்டு, கெஞ்சாமல் மிரட்டாமல், மூன்று நாள் கழித்து அதே காயை வேறு வடிவத்தில் நறுக்கி மறுபடி வையுங்கள்.